ஜூபிட்டர் லேபில் நீட்சிகளை நிறுவிச் செயல்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உலாவியிலேயே பைத்தான் நிரல் எழுதி இயக்க உதவும் ஜூபிட்டர் பற்றி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். மாணவர் ஒருவர் அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கும், எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சி ஒன்றை நிறுவுகிறார். டெர்மினலின் கடைசி வரியில் 'சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு' என்று வருகிறது. உலாவிக்குத் திரும்பினால் எதுவும் மாறியிருக்காது. மறுபடியும் நிறுவுகிறார், 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற பதில் வருகிறது. மூன்றாவது முறை, தேடலில் கிடைத்த வேறொரு கட்டளையை ஒட்டுகிறார். அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த நோட்புக்கும் அதோடு திறக்காமல் போகிறது.

கட்டளை தவறாக இருப்பது குறைவு. எங்கே நிறுவுகிறோம் என்று பார்க்காமல் தொடங்குவதும், நிறுவியபின் செய்ய வேண்டிய இரண்டு மூன்று வேலைகளை விட்டுவிடுவதும்தான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறேன்; டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். இடைக்கோடுகள் இங்கே உள்ளபடியே வரும்.

1. உங்களிடம் இருப்பது எந்த நோட்புக் என்று பாருங்கள்

இந்த வழிகாட்டி ஜூபிட்டர் லேப் 4, நோட்புக் 7 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். இரண்டும் 2023-இல் வெளிவந்தவை. நோட்புக் 7, லேபின் உதிரிப் பாகங்களைக் கொண்டே கட்டப்பட்டது என்பதால் இரண்டுக்கும் நீட்சி நிறுவும் முறை ஒன்றுதான். ஆனால், லேபின் பக்கவாட்டுப் பலகையை நம்பி எழுதப்பட்ட சில நீட்சிகள் நோட்புக் 7-இல் முழுமையாக வேலை செய்யாது.

பதிப்பை அறிய டெர்மினலில் இதைக் கொடுங்கள்:

ஜூபிட்டர் --வெர்ஷன்

ஒரு பட்டியல் வரும். அதில் 'ஜூபிட்டர்லேப்', 'நோட்புக்' ஆகிய இரு வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நோட்புக் 6 அல்லது அதற்கு முந்தையது என்றால் நேராகப் பதினோராம் பகுதிக்குச் செல்லுங்கள். அது வேறு பாதை.

கூகுள் கோலாப், விஎஸ் கோட் ஆகியவற்றில் நோட்புக்கைத் திறப்பவர்களுக்கு ஒரு சொல்: அவை நோட்புக் கோப்பைப் படிக்கின்றன, ஆனால் அவற்றின் திரை ஜூபிட்டர் லேபின் திரை கிடையாது. லேபுக்கு எழுதிய நீட்சியை அங்கே நிறுவினால் கோப்புகள் எங்கோ போய்ச் சேரும், திரையில் எதுவும் தெரியாது.

2. நீட்சி குடியிருக்கும் மூன்று இடங்கள்

இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். பிறகு வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் பிறக்கின்றன.

முதலாவது, உலாவி. நீங்கள் காணும் பொத்தான்கள், பலகைகள் எல்லாம் இங்கே ஓடுகின்றன. இரண்டாவது, சர்வர். டெர்மினலில் 'ஜூபிட்டர் லேப்' என்று கொடுத்ததும் எழுந்திருக்கும் நிரல் இதுதான். உலாவிக்குத் தேவையான கோப்புகளைக் கொடுப்பதும், வட்டிலிருந்து படிப்பதும் இதன் வேலை. மூன்றாவது, கெர்னல். நீங்கள் எழுதும் பைத்தான் வரிகளை உண்மையில் இயக்குவது இதுவே.

பைத்தானும் அதன் தொகுப்புகளும் தனியாக வைக்கப்படும் இடத்தையே சூழல் என்கிறோம். சர்வர் ஒரு பைத்தான் சூழலிலும், கெர்னல் வேறொரு பைத்தான் சூழலிலும் ஓடலாம். திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. திரையை மாற்றும் நீட்சி சர்வரின் சூழலில் இருக்க வேண்டும். பிப் என்பது பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி; நோட்புக்குக்குள் '%பிப் இன்ஸ்டால்' என்று கொடுத்தால் அது கெர்னலின் சூழலுக்குப் போகிறது. நிறுவல் வெற்றி, பயன் பூச்சியம் என்னும் நிலைக்கு இதுவே முதல் காரணம்.

3. தனிச் சூழல் ஒன்றை அமையுங்கள்

ஏற்கெனவே லேபுக்கென்று தனிச் சூழல் வைத்திருப்பவர்கள் அதை இயக்கிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். மற்றவர்கள் இதைச் செய்யுங்கள்:

பைத்தான் -எம் வென்வ் லேப்என்வ்

'வென்வ்' என்பது வீ, ஈ, என், வீ என்ற நான்கு எழுத்துகள். 'லேப்என்வ்' நாம் வைத்த பெயர், அதை மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸிலும் மேக்கிலும் இந்த ஒரு கட்டளையில் 'பைத்தான்' என்பதற்குப் பதில் 'பைத்தான்3' என்று கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, சூழலை இயக்க வேண்டும். விண்டோஸில் அந்தக் கோப்புறைக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்பதன் உள்ளே இருக்கும் 'ஆக்டிவேட்' கோப்பை இயக்குங்கள். லினக்ஸிலும் மேக்கிலும் 'சோர்ஸ் லேப்என்வ்/பின்/ஆக்டிவேட்'. வரியின் தொடக்கத்தில் சூழலின் பெயர் அடைப்புக்குறிக்குள் தோன்றினால் சரி. தோன்றாவிட்டால் மேலே போகாதீர்கள்.

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஜூபிட்டர்லேப்

'பிப் இன்ஸ்டால்' என்று மட்டும் கொடுக்காமல் 'பைத்தான் -எம் பிப்' என்று ஏன் எழுத வேண்டும்? ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சாதாரணம். 'பிப்' என்று மட்டும் கொடுத்தால் அவற்றில் எதன் பிப் பதில் சொல்லும் என்பது உறுதியில்லை. முன்னால் பைத்தானைச் சேர்த்தால், எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்குள்ளேயே நிறுவும். சந்தேகம் இருந்தால் 'பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்' கொடுங்கள். பிப் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று முழுப் பாதையையும் அது காட்டும். அந்தப் பாதையில் 'லேப்என்வ்' என்ற பெயர் இருக்க வேண்டும்.

உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளிலும் டெபியன் 12-இலும் தனிச் சூழல் இல்லாமல் நிறுவ முயன்றால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுப்பு வரும். அதை மீறுவதற்கான வழியையும் அந்தச் செய்தியே சொல்லும். தயவுசெய்து மீறாதீர்கள். இயங்குதளம் தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கும் பைத்தான் அது.

4. நிறுவுவதற்கு முன் மூன்று சோதனைகள்

முதலில், அந்த நீட்சி உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். பொருளடக்கம், தலைப்புகளை மடித்து வைத்தல், பிழைத்திருத்தி, கருப்பு நிறத் தோற்றம் ஆகியவை இன்றைய லேபிலேயே உள்ளன. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு இவற்றை நிறுவ முயன்று ஒரு மாலை முழுவதையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, நீட்சியின் பக்கத்தில் எந்த லேப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று தேடுங்கள். 'லேப் 3-க்கு' என்று மட்டும் இருந்தால் 4-இல் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பெயரின் எழுத்துக்கூட்டலையும் அந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். நீட்சி என்பது உங்கள் அனுமதியோடு உங்கள் கணினியில் ஓடும் அந்நிய நிரல். ஓர் எழுத்து பிசகினால் வேறு யாரோ ஏற்றிவைத்த பொருளை வீட்டுக்குள் அழைக்க நேரலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஒத்திகை. இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். நோட்புக்கில் நிரல் எழுதும் ஒவ்வொரு கட்டமும் ஓட எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் நீட்சி அது.

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --ட்ரை-ரன் ஜூபிட்டர்லேப்-எக்ஸிக்யூட்-டைம்

'--ட்ரை-ரன்' இருந்தால் பிப் எதையும் நிறுவாது. எவற்றை நிறுவப்போகிறது என்று மட்டும் கடைசி வரியில் சொல்லும். பிப் 22.2-இலிருந்து இந்த வசதி உண்டு. அந்த வரியில் நீட்சியின் பெயர் இருப்பது இயல்பு. 'ஜூபிட்டர்லேப்' என்ற பெயரும் பழைய எண்ணோடு இருந்தால் நிறுத்துங்கள். பழைய நீட்சி தனக்கு ஏற்ற பழைய லேபைக் கேட்கிறது, பிப் உங்கள் லேபைக் கீழிறக்கப் போகிறது என்று பொருள்.

ஒத்திகை சரியாக இருந்தால், இப்போதைய நிலையை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 'பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, வரும் பட்டியலைச் சேமித்தால் போதும். ஏதாவது கெட்டுப்போனால் எது மாறியது என்று ஒப்பிட இது ஒன்றுதான் சாட்சி.

5. நிறுவுதல்

இது ஒரே வரி. ஒத்திகையின் கட்டளையிலிருந்து '--ட்ரை-ரன்' என்பதை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள்.

லேபின் இடப்புறத்தில் புதிர்த்துண்டு வடிவத்தில் இருக்கும் நீட்சி மேலாளர் வழியாகவும் நிறுவலாம். அது சர்வரின் சூழலிலேயே நிறுவுவதால் இடம் தவறாது என்பது அதன் நன்மை. ஆனால் ஒத்திகை பார்க்க வழியில்லை. பிழை வந்தால் விவரமும் குறைவு. பழகும்வரை டெர்மினலையே பயன்படுத்துங்கள். பிப்பைப் போன்ற மற்றொரு நிறுவல் கருவியான கோண்டாவின் சூழல் வைத்திருப்பவர்கள், அதே நீட்சி அதற்கான களஞ்சியமான கோண்டா-ஃபோர்ஜில் இருந்தால் அங்கிருந்து எடுங்கள். ஒரே பொருளை ஒரு முறை கோண்டாவாலும் மறுமுறை பிப்பாலும் நிறுவினால் இரண்டும் ஒன்றின் கணக்கை மற்றொன்று அறியாமல் குழம்பும்.

'ஜூபிட்டர் லேப்எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால்' என்று தொடங்கும் கட்டளையை எங்காவது கண்டால் கடந்துபோங்கள். லேப் 3-க்கு முந்தைய காலத்து முறை அது. நோட் ஜேஎஸ் என்ற தனி மென்பொருள் வேண்டும் என்று கேட்கும், லேப் முழுவதையும் மறுபடி கட்டத் தொடங்கும். இன்றைய நீட்சிகள் முன்பே கட்டப்பட்டு வருகின்றன. அதனால் பிப் கோப்புகளை உரிய கோப்புறையில் வைத்தாலே வேலை முடிந்துவிடுகிறது.

6. எதை நிறுத்தி எதைத் தொடங்குவது

திரையை மட்டும் மாற்றும் நீட்சிக்கு உலாவிப் பக்கத்தைப் புதுப்பித்தால் போதும். சர்வரிலும் ஒரு பகுதி உள்ள நீட்சிக்குச் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். எது எந்த வகை என்று ஆராய்வதைவிட, எப்போதும் சர்வரை நிறுத்தித் தொடங்குவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே புதியவர்கள் செய்வது மூன்று தவறுகள். கெர்னல் மெனுவில் 'ரீஸ்டார்ட்' கொடுப்பார்கள். அது கெர்னலை மட்டுமே புதுப்பிக்கும். உலாவித் தாவலை மூடித் திறப்பார்கள். சர்வர் பின்னால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது தவறு கண்ணில் படுவதே கடினம்: பழைய சர்வரை நிறுத்தாமல் வேறொரு டெர்மினலில் புதிதாக 'ஜூபிட்டர் லேப்' கொடுப்பார்கள். 8888 என்ற போர்ட் பழைய சர்வரிடம் இருப்பதால் புதியது 8889-க்குப் போய்விடும். அவர்கள் மட்டும் 8888 தாவலைப் பார்த்துக்கொண்டே 'வரவில்லை' என்பார்கள். முகவரிப் பட்டையில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 'ஜூபிட்டர் சர்வர் லிஸ்ட்' கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் அனைத்தும் வரிசையாக வரும்.

சரியான வழி: திறந்திருக்கும் நோட்புக்குகளைச் சேமியுங்கள். சர்வர் ஓடும் டெர்மினலுக்குப் போய் கண்ட்ரோல், சி விசைகளை இரண்டு முறை அழுத்துங்கள். அதே டெர்மினலில், அதே சூழலில் மறுபடி 'ஜூபிட்டர் லேப்' கொடுங்கள்.

7. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்

திரையில் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்:

ஜூபிட்டர் லேப்எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்

முதல் வரியில் லேபின் பதிப்பு, அதன் கீழ் ஒரு கோப்புறைப் பாதை, அதன் கீழ் நீட்சிகள். நம் எடுத்துக்காட்டின் வரியில் பெயர், பதிப்பு எண், 'எனேபிள்டு', 'ஓகே' என்று நான்கு செய்திகள் இருக்கும். ஒவ்வொன்றும் தனிச் செய்தி. 'எனேபிள்டு' என்றால் யாரும் முடக்கவில்லை. 'ஓகே' என்றால் உங்கள் லேப் பதிப்போடு ஒத்துப்போகிறது. 'ஓகே' இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி இருந்தால் பதிப்பு பொருந்தவில்லை. அதை மறுபடி மறுபடி நிறுவுவதால் சரியாகாது.

நீட்சியின் பெயரே பட்டியலில் இல்லையா? அப்படியானால் வேறு சூழலில் நிறுவிவிட்டீர்கள். அந்தக் கோப்புறைப் பாதையையும், மூன்றாம் பகுதியில் பிப் காட்டிய பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் தொடக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாணவியின் கணினியில் ஒரு பாதை கோண்டாவில் தொடங்கியது, மற்றது அவருடைய திட்டக் கோப்புறையில் தொடங்கியது. இரண்டு நாள் போராடியவர், பாதைகளை அருகருகே வைத்ததும் தாமே கண்டுபிடித்துவிட்டார்.

8. அமைப்புகளில் இயக்குதல்

பட்டியலில் எல்லாம் பச்சை. லேபைத் திறக்கிறீர்கள். கட்டத்தில் இதை எழுதி இயக்குங்கள்: 'டைம்' என்ற தொகுப்பை இறக்குமதி செய்து, 'டைம்.ஸ்லீப்' என்பதற்கு 2 என்று கொடுங்கள். இரண்டு வினாடி காத்திருக்கும், முடியும். நேரம் மட்டும் திரையில் வராது.

நீட்சி பழுதாகவில்லை. நேரத்தைப் பதிவு செய்வது இந்த நீட்சியின் வேலையே இல்லை. லேப் ஒவ்வொரு கட்டத்தோடும் மறைவாக வைத்திருக்கும் குறிப்பில் நேரத்தை எழுதி வைத்தால் அதை எடுத்துக் காட்டுவது மட்டுமே இதன் வேலை. லேபோ, நீங்கள் சொன்னால்தான் எழுதும். 'செட்டிங்ஸ்' மெனுவில் 'செட்டிங்ஸ் எடிட்டர்' திறந்து, இடப்புறப் பட்டியலில் 'நோட்புக்' தேர்ந்தெடுங்கள். அங்கே நேரப் பதிவுக்கான தேர்வுப் பெட்டி இருக்கும். தேடும் இடத்தில் 'டைமிங்' என்று தட்டினால் எளிதாகக் கிடைக்கும். அதில் குறியிடுங்கள்.

திரும்பி வந்து பார்த்தால் பழைய கட்டத்தில் இன்னும் ஒன்றும் இருக்காது. அது ஓடியபோது நேரம் எழுதப்படவில்லை அல்லவா? மறுபடி இயக்குங்கள். இப்போது கட்டத்தின் அடியில் எப்போது ஓடியது, எத்தனை வினாடி என்ற வரி தோன்றும். இரண்டு வினாடிக்குச் சற்றே கூடுதலாக இருக்கும்.

நேரம் நோட்புக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுவதால், கோப்புகளில் நடக்கும் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கோப்பு மாறியதாகக் காட்டும். குழுவாக வேலை செய்கிறீர்கள் என்றால் முதலில் குழுவினரோடு பேசிக்கொள்ளுங்கள்.

எந்த நீட்சிக்கும் இதே பழக்கம் உதவும். நிறுவியதும் அதன் பக்கத்தில் 'செட்டிங்ஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். இந்த அமைப்புகள் பயனரின் இல்லக் கோப்புறையில் சேமிக்கப்படுகின்றன, சூழலுக்குள் இல்லை. அதனால் சூழலை அழித்து மறுபடி அமைத்தாலும் பழைய அமைப்புகள் பின்தொடர்ந்து வரும்.

9. சர்வர் பகுதியும் உள்ள நீட்சிகள்

கிட் நீட்சி நல்ல எடுத்துக்காட்டு. திரையில் ஒரு பலகை, சர்வரில் ஒரு துணைநிரல், அதற்கும் அடியில் கணினியில் தனியாக நிறுவப்பட்ட கிட் என மூன்றும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் பலகை தோன்றும், பொத்தானை அழுத்தினால் பிழை வரும்.

ஜூபிட்டர் சர்வர் எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்

இங்கே நீட்சியின் பெயரும் 'ஓகே'வும் வர வேண்டும். பெயர் இருந்து முடக்கப்பட்டிருந்தால்:

ஜூபிட்டர் சர்வர் எக்ஸ்டென்ஷன் எனேபிள் --சிஸ்-ப்ரிஃபிக்ஸ் ஜூபிட்டர்லேப்_கிட்

'--சிஸ்-ப்ரிஃபிக்ஸ்' சேர்ப்பது இந்தச் சூழலுக்குள் மட்டும் மாற்றத்தை வைக்க. பிப் நிறுவும்போது நீட்சிப் பெயரில் இடைக்கோடும் அடிக்கோடும் ஒன்றுதான். இந்தக் கட்டளையில் அப்படியில்லை, அடிக்கோடுதான் வேண்டும். இது பைத்தான் தொகுப்பின் பெயர்.

10. கெர்னலிலும் வேண்டியவை

நோட்புக்கில் ஸ்லைடர், பொத்தான் போன்றவற்றைக் காட்டும் ஐபைவிட்ஜெட்ஸ் போன்றவற்றுக்கு இரு பக்கமும் ஆள் தேவை. கெர்னலின் சூழலில் 'ஐபைவிட்ஜெட்ஸ்', சர்வரின் சூழலில் 'ஜூபிட்டர்லேப்_விட்ஜெட்ஸ்'. இரண்டும் ஒரே சூழல் என்றால் முதலாவதை நிறுவினாலே இரண்டாவதும் வந்துவிடும். வெவ்வேறு சூழல் என்றால் தனித்தனியே நிறுவ வேண்டும். ஸ்லைடர் வர வேண்டிய இடத்தில் அதன் பெயரும் அடைப்புக்குள் சில எண்களும் எழுத்தாக வந்தால் சர்வர் பக்கத்தைப் பாருங்கள்.

11. நோட்புக் 6 வைத்திருப்பவர்களுக்கு

பழைய 'என்பிஎக்ஸ்டென்ஷன்' வகை நீட்சிகள் நோட்புக் 7-இல் ஓடாது. 'ஜூபிட்டர் என்பிஎக்ஸ்டென்ஷன்' என்று கொடுத்தால் அப்படியொரு கட்டளையே இல்லை என்பதுதான் பதில். 'நோட்புக்.பேஸ்' என்ற தொகுப்பு இல்லை என்ற பிழைக்கும் காரணம் இதுவே.

பழைய நீட்சி கட்டாயம் தேவை என்றால் தனியாக இன்னொரு சூழல் அமைத்து, நோட்புக் 7-க்குக் குறைந்த பதிப்பு வேண்டும் என்று நிபந்தனையோடு நிறுவுங்கள். அந்த நிபந்தனையை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதுவது முக்கியம்; இல்லையென்றால் 'விடச் சிறியது' என்ற குறியை டெர்மினல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பிறகு நீட்சித் தொகுப்பைப் பிப்பால் நிறுவி, 'ஜூபிட்டர் கான்ட்ரிப் என்பிஎக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் --சிஸ்-ப்ரிஃபிக்ஸ்' கொடுத்து, கடைசியாக ஒவ்வொரு நீட்சியையும் 'எனேபிள்' செய்ய வேண்டும். இங்கே நிறுவுதல், இடம் சேர்த்தல், இயக்குதல் மூன்றும் வெவ்வேறு படிகள். நடுவில் உள்ளதை விட்டுவிடுபவர்களே அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்தப் பாதையில் வர வேண்டாம் என்பது என் கருத்து.

12. முடக்குதல், நீக்குதல்

லேப் மெதுவாகிவிட்டது, அல்லது வெள்ளைத் திரையில் நிற்கிறது என்றால் நீட்சிகளை முதலில் முடக்கிப் பாருங்கள். உடனே நீக்க வேண்டாம். 'ஜூபிட்டர் லேப்எக்ஸ்டென்ஷன் டிஸேபிள்' என்பதோடு நீட்சியின் பெயர். பட்டியலில் எந்தப் பெயர் தெரிகிறதோ அதையே கொடுக்க வேண்டும். பிப்புக்கு 'ஜூபிட்டர்லேப்-கிட்' என்ற பெயரில் வந்தது, பட்டியலில் '@ஜூபிட்டர்லேப்/கிட்' என்று இருக்கும். பிப் பெயரைக் கொடுத்துவிட்டு 'முடங்கவில்லையே' என்று தேடியவர்கள் பலர். நீட்சிகள் நிறைய இருந்தால் பாதியை முடக்கிப் பாருங்கள். சரியானால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது, மறுபடி அதைப் பாதியாக்குங்கள்.

நீக்குவதற்குப் பிப்பால் வந்ததைப் பிப்பாலேயே எடுங்கள்: 'பைத்தான் -எம் பிப் அன்இன்ஸ்டால்' என்பதோடு பிப் அறிந்த பெயர். முடக்கி வைத்திருந்த நீட்சி என்றால் நீக்குவதற்கு முன் 'எனேபிள்' கொடுத்து இயக்கிவிடுங்கள். முடக்கிய குறிப்பு தனிக் கோப்பில் தங்கிவிடுவதால், ஆறு மாதம் கழித்து அதே நீட்சியை நிறுவும்போது அது முடங்கிய நிலையிலேயே எழும். நீட்சியோடு வந்த துணைத் தொகுப்புகளைப் பிப் தானாக நீக்காது. நான்காம் பகுதியில் சேமித்த பட்டியலை எடுத்து, இப்போதைய பட்டியலோடு ஒப்பிட்டு மிச்சம் இருப்பவற்றைக் கையால் எடுக்கலாம். மிச்சம் அதிகமாக இருந்தால் 'லேப்என்வ்' கோப்புறையையே அழித்துவிட்டு மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்; சில நிமிட வேலைதான், உங்கள் நோட்புக் கோப்புகளை அந்தக் கோப்புறைக்குள் வைத்திருக்காதவரை எதுவும் இழப்பில்லை.